பொய் மேடையில் ஐந்து ஐந்தாக

புருஷனும் பெண்சாதியும் ஒரே தொழில் பார்த்தால் அந்த வீட்டில் இரண்டு முதலாளி இருப்பார்கள், வேலைக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். இந்த வீட்டிலும் அதே கதைதான். அவன் மேடைக்கு விளக்குப் போடுகிறவன். அவள் மேடைக்குப் பின்னால் நிற்கிற பெரிய சுவர்த்திரையில் படம் ஓட்டுகிறவள். தொழிலில் அவனை லைட்டு என்பார்கள், அவளைப் படக்காரி என்பார்கள். பன்னிரண்டு வருஷமாக அப்படியே கூப்பிட்டுப் பழகி, கூரியர் கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று "படக்காரி அக்கா, ஒரு கையெழுத்து" என்றுதான் குரல் கொடுப்பார்.

முன்னறையில் இரண்டு மேஜைகள், முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மேடை தெரியும். நிஜ மேடை அல்ல. அரங்கம் வாடகைக்குக் கிடைப்பது ஒருநாள்தான். அந்த ஒருநாளில் போய் நின்றுகொண்டு எந்த விளக்கு எப்போது, எந்தப் படம் எப்போது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தால் வேலைக்கு ஆகுமா? அதனால் முன்கூட்டியே கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மேடை கட்டிக்கொள்வார்கள். அரங்கத்தின் அதே நீளம் அகலம், அதே விளக்குகள், பின்னால் அதே எல்.இ.டி. சுவர். நடுவில் மனுஷிக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் மூக்கு முழி இல்லாத ஒரு பொம்மை. சுவரில் ஏற்றுகிற படத்தின் பிரகாசத்துக்கு ஒரு ஸ்லைடர், விளக்குக்கு ஒரு ஸ்லைடர், சைபரிலிருந்து நூறு வரை. பொய் மேடையில் வைத்த எண்ணை அப்படியே எடுத்துப்போய் நிஜ மேடையிலும் போட்டுவிடுவது இவர்கள் வழக்கம். இதுவரை பிசகியதில்லை.

இந்தத் தடவை வந்தது சொந்த வீட்டு மனுஷிக்கான வேலை. லைட்டுக்கு ஒரே அக்கா. பிறவியிலிருந்தே காது கேட்காது. பல் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் பொய்ப்பல் செய்கிற வேலை. மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குகிற அந்த விரல்கள் பேச ஆரம்பித்தால் எதிரே நிற்கிறவர்களுக்கு வேறு வேலை ஓடாது. ஒருமுறை ஆஸ்பத்திரி லிஃப்டில் நாலு பேரோடு ஒன்றரை மணிநேரம் மாட்டிக்கொண்டாள். அந்தக் கதையை அவள் கையால் சொல்லச் சொல்ல, காது கேளாதோர் சங்கத்தில் சிரிக்காத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாள், பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருக்கிறாள். சங்கத்துக்காரர்கள் கடைசியில், "இதை மேடையில சொல்லு" என்று ஓர் அரங்கத்தையே பிடித்துவிட்டார்கள். முந்நூறு இருக்கை. மத்தியானம் மூன்று மணி.

அது சாதாரண விஷயமா? டிவியில் செய்தி வாசித்தால் மூலையில் தபால்தலை அளவு கட்டம் போட்டு அதற்குள் ஒருவர் கையாட்டுவார், அவ்வளவுதான் அந்த ஜனங்களுக்கு ஒதுக்கிய இடம். இன்றைக்கு அவர்களில் ஒருத்தி மேடைக்கு நட்டநடுவே நிற்கப் போகிறாள். மற்ற நாடகத்தில் விளக்கு அணைந்தாலும் வசனம் காதில் விழும். இங்கே கை தெரியாவிட்டால் வசனமே போச்சு, கதையே போச்சு. நாத்தனாருக்கு அது ஒன்றுதான் கவலை. "என் கை கடைசி வரிசைக்குத் தெரியணும்" என்று தம்பியிடமும் தம்பி பெண்டாட்டியிடமும் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லியிருந்தாள்.

படக்காரிக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. அதை அவள் வெளியே சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் சுவரில் ஏற்றியதெல்லாம் ஊரார் படம். கம்பெனி முத்திரை, கல்யாண ஜோடி, சிமென்ட் மூட்டை. இந்த லிஃப்டுக் கதைக்கு மட்டும் நாற்பது படங்களை அவளே கையால் வரைந்திருந்தாள். முதல் தடவையாகத் தன் கோடு முப்பதடி அகலத்தில் நிற்கப் போகிறது என்று நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை யாராவது மங்கலாகக் காட்டச் சொன்னால் பொறுக்குமா?

ஆரம்பத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் எண் வைத்தார்கள். சுவருக்கு இருபது, விளக்குக்கு நாற்பது. ஒரு வாரம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் காலை லைட்டு காப்பியோடு வந்து உட்கார்ந்தவன், பொம்மை கொஞ்சம் இருண்டு கிடப்பதைப் பார்த்தான்.

"படத்தை ஏத்தினியா நீ?"

"நான் ஏன் ஏத்தப் போறேன்?"

"அக்கா முகம் மங்கலா இருக்கே."

"பொம்மைக்கு ஏதுங்க முகம்?" என்றாள் படக்காரி. அவள் சமையலறைக்குப் போனதும் விளக்கை நாற்பத்தைந்துக்குத் தள்ளிவிட்டான்.

அவள் திரும்பி வந்து பார்த்தால் படம் ஒரு பிடி சோகையாகத் தெரிந்தது. அவன் குளிக்கப் போனபோது சுவரை ஐந்து ஏற்றினாள். அவன் குளித்து வந்தான், பொம்மை மங்கியிருந்தது. அவள் போனில் பேசுகிற நேரம் பார்த்து அவனும் ஐந்து ஏற்றினான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதென்று நினைக்குமாம். இங்கே இரண்டு பூனைகள். ஐந்து ஐந்தாக ஏற்றினால் அடுத்தவருக்குத் தெரியாது என்று இரண்டுக்கும் நினைப்பு. ஐந்து வாரம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. வெளியே பார்த்தால் குடும்பம் அமைதியோ அமைதி, ஒருவருக்கொருவர் தோசைகூட ஊட்டிவிடுவார்கள் போலிருந்தது. பொய் மேடையும் கடைசிவரை அழகாகவே இருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டிக் காட்டினார்கள். "பொம்மை என்னைவிட ஒல்லி" என்று சொல்லிவிட்டு, சரியென்று தலையாட்டிப் போய்விட்டாள்.

அந்த நாளும் வந்தது. காலை ஒன்பது மணிக்குள் அரங்கத்தில் சுவர் நிறுத்தியாகிவிட்டது, விளக்குகளைத் தொங்கவிட்டாகிவிட்டது. எண்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவளும் எண்ணைப் பார்த்துப் போடவில்லை, அவனும் பார்த்துப் போடவில்லை. ஃபைலைத் திறந்தோம், ஏற்றினோம் என்று வழக்கம்போலப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். ஒலிக்காரருக்கு மட்டும் அன்றைக்கு விடுமுறை. அரங்கத்தில் ஒரு ஸ்பீக்கர்கூட இல்லை.

பத்து மணிக்கு ஒத்திகை. சங்கச் செயலாளர் வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். பஸ் மெக்கானிக், அவருக்கும் காது கேட்காது. நாத்தனார் கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக நடுவில் வந்து நின்றாள், கை மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று. படக்காரி முதல் படத்தை ஏற்றினாள்.

அடேயப்பா! சுவரா அது, அடுப்புக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. முப்பதடி அகலத்துக்கு வெள்ளை லிஃப்டுக் கதவு பளீரென்று எரிந்தது. அதன் முன்னால் நாத்தனார் கறுப்பாக ஒரு கட்டை போல நின்றாள். எதிரிலிருந்து விளக்குகள் நேராக அவள் கண்ணில் குத்தின. அவள் இரண்டு கையையும் தூக்கிக் கதையை ஆரம்பித்தாள். செயலாளர் கண்ணைச் சுருக்கினார், கழுத்தை நீட்டினார், பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து பார்த்தார். கடைசியில் எழுந்து நின்று இரண்டு கையையும் குறுக்கே ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

மேடையில் அவள் நிறுத்தவில்லை. விளக்குக் கூச்சத்தில் அவளுக்கு அவரைத் தெரியவே இல்லை. பாவம், ஆளில்லாத இருட்டைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டே இருந்தாள். செயலாளர் நடந்துபோய் மேடையைக் காலால் தட்டிய பிறகுதான், பலகை அதிர்ந்து, நிறுத்தினாள்.

"என்ன?" என்றாள் கையால்.

"உன் கை தெரியல," என்றார் செயலாளர். "கறுப்பா ரெண்டு குச்சி ஆடுது. நீ என்ன சொன்னேன்னு ஒரு எழுத்துகூடப் புரியல."

நாத்தனாரின் முகம் விழுந்துபோயிற்று. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைப் பக்கம் பார்த்தாள். படக்காரி, பொய் மேடையில் இப்படி இல்லையே, சாமி சத்தியமாக இல்லையே என்று கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். அங்கே எல்லாம் பதமாக, பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவர் எண்ணைப் பார்த்தாள், நூறு. விளக்கைப் பார்த்தாள், அதுவும் நூறு. இரண்டும் நூறாக இருந்தால் திரையே வெளுத்துப் போயிருக்க வேண்டுமே, எப்படி இவ்வளவு சாதுவாக இருக்கிறது?

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தேடினாள். காட்சி அமைப்பில், கடைசியில், சின்னதாக ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. வெளிச்சத்துக்கு ஏற்பப் பார்வையைத் தானாகச் சரிசெய்யும் கட்டம். இதற்கு முந்தி ஏதோ ஒரு கார் கம்பெனிக்கு வெட்டவெளியில் வேலை செய்தபோது லைட்டு போட்டுவைத்த டிக் அது. அந்த ஃபைலிலிருந்துதான் இந்த ஃபைலையும் நகலெடுத்தார்கள். டிக் எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஒருவர் வெளிச்சத்தை ஏற்றினால் மென்பொருள் தன் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், உடனே அடுத்தவர் பங்கு மங்கித் தெரியும். அவர் ஏற்றினால் இவர் பங்கு மங்கும். இதைத்தான் இரண்டு பேரும் அடுத்தவர் வேலை என்று நினைத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். பொம்மைக்கோ கை என்று பெயருக்கு இரண்டு துடுப்பு, விரல் கிடையாது. விரல் தெரிகிறதா இல்லையா என்று அதைப் பார்த்து எவன் சொல்வான்?

படக்காரி அந்த டிக்கை எடுத்தாள். கம்ப்யூட்டருக்குள் மேடை முழுக்க வெள்ளையாகப் போயிற்று. லைட்டு தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ ஏத்தியிருக்கே," என்றான்.

"நீங்க ஏத்தலையா?"

"நீ ஏத்தினதாலதானே நான் ஏத்தினேன்."

"முதல்ல யார் கை வச்சதுன்னு பார்த்துடலாமா?" என்று அவள் ஃபைலின் வரலாற்றைத் திறந்தாள். இருபத்தெட்டு வரிகள், எல்லாம் ஐந்து ஐந்தாக. முதல் வரி அவளுடையது. அந்த ஒருநாள் காலை, காப்பிக்கு முன்னால், ஏற்றவே இல்லை என்று அவள் சாதித்த அன்றைக்கு. அவளே அதை மறந்திருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. அவன் விளக்கு நூறைத் தொட்டு, இனி ஏற வழியில்லாமல் நின்ற பிறகும் நாலு தடவை அவள் மட்டும் ஏற்றியிருந்தாள். அந்தக் கடைசி நாலு வரியைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. புருஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். மனுஷன் கையை நீட்டி அந்த வரலாற்றை மூடிவிட்டான்.

இரண்டு பேரும் மேடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். அவன் கை சரளமாக ஓடும், பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை. படக்காரி கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டவள். "உன் கை திக்குது" என்று நாத்தனார் எப்போதும் கேலி செய்வாள். இன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை. இரண்டு பேரும் சொல்லி முடிக்கிறவரை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சத்தம்னா என்னன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. நீங்கள்லாம் சொல்லுவீங்க, நான் சும்மா தலையாட்டுவேன். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் நடுவுல நின்னு பேசறேன். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் நின்னு கத்தறீங்க."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளமே வாய் திறந்து சொன்ன மாதிரி இருந்தது. லைட்டு தலையைக் குனிந்துகொண்டான். படக்காரி "மன்னிச்சுக்கோங்க அண்ணி" என்றாள், அந்த ஒரு வார்த்தையில் மட்டும் அவள் கை திக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வீட்டுல வச்சுக்கலாம்," என்றாள் நாத்தனார். "மூணு மணிக்கு ஜனம் வந்துடும். என் கையைக் கொடுங்க."

அதற்கப்புறம் பொய் மேடையை யாரும் திறக்கவில்லை. செயலாளரைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். நாத்தனார் மேடையில் நின்று ஏதோ ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். படக்காரி சுவரை இறக்கினாள். ஐம்பதில் செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். முப்பதில் இல்லையென்று தலையை ஆட்டினார். பதினைந்தில் "ஏதோ சட்டைன்னு வருது" என்றார். படக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஏழுக்கு இறக்கினாள். செயலாளர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். மேடையிலிருந்தவள் அத்தனை நேரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லைட்டு எதிர் விளக்குகளை அவிழ்த்துப் பக்கவாட்டில் கட்டினான், அக்கா கண்ணில் விழாமல் கையில் மட்டும் விழும்படி. பார்வையாளர்கள் தலைக்கு மேலேயும் லேசாக ஒரு வெளிச்சம் விட்டுவைத்தான். தொழில் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், அரங்கம் இருட்டாக இருக்க வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்காதவளுக்கு ஜனம் சிரிப்பது கண்ணால் தெரிய வேண்டுமே. அது இன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

படக்காரி தன் சுவரைப் பார்த்தாள். ஏழில் அவள் படங்கள் ஈரத்துணியில் விழுந்த கறை மாதிரி கிடந்தன. லிஃப்டுக் கதவுக்கு அவள் ஒரு வாரம் போட்ட நுணுக்கமான கோடெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அழுகை வந்தது. நன்றாகவே வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏழிலேயே வைத்தாள்.

மூன்று மணிக்கு முந்நூறு இருக்கையும் நிறைந்துவிட்டது. ஒரு சத்தமில்லை, ஆனால் அரங்கம் முழுக்கக் கைகள் பேசிக்கொண்டிருந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பால்கனியிலிருந்து கீழ் வரிசைக்கு, யாரும் யாருக்கும் இடைஞ்சலில்லாமல். நாத்தனார் மேடைக்கு வந்ததும் எல்லாக் கையும் மடியில் இறங்கின.

அவள் லிஃப்டுக்குள் போனாள். உள்ளே ஒரு டாக்டர், ஒரு தாத்தா, ஒரு கல்லூரிப் பெண், டிபன் பெட்டியோடு ஓர் ஊழியர். எல்லோரையும் அந்த இரண்டு கையே ஆகிக் காட்டியது. லிஃப்ட் நின்றது. மற்ற நாலு பேரும் கத்துகிறார்கள், கதவைக் குத்துகிறார்கள். இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, பாவம், பல்வலி போலிருக்கிறது என்று இவள் அவர் கடைவாய்க்குள் எட்டிப் பார்க்கிறாள். ஜனம் சிரித்து உருண்டது. தோள்கள் குலுங்கின, முன் வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரை அடித்து அடித்துச் சிரித்தாள். நாத்தனார் அதைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள். படக்காரியின் கை ஸ்லைடர் மேலேயே இருந்தது, ஆனால் அவள் கண் சுவர்ப் பக்கமே போகவில்லை. கையைத்தான் பார்த்தாள். கடைசி விரல்வரை தெரிந்தது.

முக்கால்வாசிக் கதைக்கு மேல் ஆகியிருக்கும். லிஃப்ட் கதவை யாரோ வெளியிலிருந்து ஒரு சாண் நெம்பித் திறக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் தரையோடு தரையாகக் குனிந்து அந்தச் சந்து வழியாகப் பார்க்கிறார்கள். என்ன பார்த்தார்கள் என்பதை நாத்தனார் கையாலேயே சொல்வதாகத்தான் ஏற்பாடு. வீட்டில் சொல்லிக் காட்டியபோது அப்படித்தான் சொன்னாள்.

சொல்லவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். திரும்பி, ஜனத்துக்கு முதுகைக் காட்டியபடி, மங்கலாகக் கிடந்த சுவரை அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"என்ன ஆச்சு அக்காவுக்கு? மறந்துட்டாளா?" என்று லைட்டு பதறினான்.

படக்காரிக்குப் புரிந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொள்வதென்றால் அந்த ஜனங்களிடத்தில் வாயை மூடிக்கொள்வது. நான் பேசவில்லை, இப்போது நீ பேசு என்று அண்ணி இடம் கொடுக்கிறாள். யாரும் கேட்காமல், ஒருவரும் சொல்லாமல். படக்காரி அவசரப்படாமல் ஸ்லைடரை மேலே கொண்டுபோனாள்.

சுவரில் படம் எழுந்து வந்தது. கதவுச் சந்தில் வரிசையாகப் பதினோரு ஜோடிக் கால்கள். ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறது. பளபளக்கிற ஷூ, அறுந்த செருப்பு, நோயாளி ஒருவரின் வெறுங்கால், பெரிய டாக்டரின் கால்களில் ஒன்றில் நீலக் காலுறை, ஒன்றில் பச்சைக் காலுறை. ஜனம் முதலில் கால்களை எண்ணிற்று. பிறகு காலுறையைக் கண்டுபிடித்தது. முந்நூறு பேரும் சுவரைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நாத்தனாரும் அவர்களில் ஒருத்தியாக, முதுகு குலுங்கச் சிரித்தாள்.

பிறகு கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அவை மார்பு உயரத்துக்கு வருவதற்குள் படக்காரி சுவரை இறக்கிவிட்டாள். கதை விட்ட இடத்திலிருந்து போயிற்று.

லைட்டு அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான். "எத்தனைல வச்ச? சரியா இருந்துச்சே, எத்தனை?"

அவள் எண்ணைப் பார்க்கவே இல்லை. கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல் அவன் கையைத் தட்டினாள்.

"சும்மா இருங்க, அண்ணி பேசிட்டிருக்காங்க."